அப்பா இறங்கட்டும்

ஜூன் 9

கிரேன்காரருக்கு,

போனில் பேசினால் பேச்சு வாக்குவாதமாகி, வாக்குவாதம் 'டொக்' என்று முடிந்துவிடுகிறது. நீங்கள் தங்கியிருக்கிற கொட்டகையில் சிக்னலுக்காக ஆளுக்கொரு மூலையில் நின்று கத்துகிற கூட்டத்துக்கு நடுவே என்னதான் பேச முடியும்? அதனால் எழுதுகிறேன். கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நம் தெருக்கோடியிலேயே ஒரு கிரேன் இருக்க, அதை விட்டுவிட்டு எங்கேயோ இருக்கிற பெரிய கிரேனுக்குக் கையெழுத்துப் போட்டு, பெட்டி கட்டும்போதுதான் என்னிடம் சொன்னீர்கள். அப்படிப்பட்டவரை நலம் விசாரிக்கும் அளவுக்கு நான் பெருந்தன்மைக்காரி இல்லை. வாண்டைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

நல்ல சேதிதான். நான் லென்ஸ் தேய்க்கிற கடைக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு மழலையர் பள்ளி இருக்கிறது. டயப்பர் இல்லாமல், தானாகச் சொல்லிப் போகிற குழந்தையாக இருந்தால்தான் சேர்த்துக்கொள்வார்களாம். சேர்த்துவிட்டால் மதியம் ஓர் எட்டு போய்ப் பார்த்துவிட்டு வரலாம். இப்போது பகலெல்லாம் கீழ்வீட்டு அக்காவிடம்தான் இருக்கிறாள். எனவே டயப்பருக்கு விடை கொடுத்துவிட்டேன். உங்கள் மகள் என்ன செய்தாள் தெரியுமா? காலையில் கீழே விட்டால் சாயங்காலம் நான் வரும்வரை ஒண்ணுக்கே போவதில்லை. "இவ்வளவு சமத்துப் பிள்ளையை நான் பார்த்ததே இல்லம்மா, ஒரு தொந்தரவு கிடையாது" என்கிறார் அக்கா. எனக்குத் தலைகால் புரியவில்லை. கடையில் எல்லாரிடமும் தம்பட்டம் அடித்துவிட்டேன்.

ஒரே ஒரு குறை. சாயங்காலம் நம் வீட்டுக்கு வந்தபிறகும் வாத்தின் மேல் உட்கார மாட்டேன் என்கிறாள். (நீங்கள் வாங்கி வந்த அந்த மஞ்சள் பிளாஸ்டிக் வாத்துதான். முகம் சிரிக்கிறது, முதுகில் ஓட்டை.) தூக்கி உட்கார வைத்தால் நாலு சொட்டோடு நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு ஓடுகிறாள். அங்கே ஒரு காலை மடித்து, குதிகால் மேல் உட்கார்ந்து, ஏதோ யோகாசனம் செய்கிறவள் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கிறாள். அப்படியே தூங்கிப்போய் படுக்கையை நனைத்துவிடுகிறாள். தண்ணீர் கொடுப்பதைக் குறைத்திருக்கிறேன், சரியாகிவிடும்.

எப்போது வருவீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை.

வாண்டின் அம்மா

ஜூன் 18

கண்ணாடிக்காரிக்கு,

உன் கடிதத்தைக் கிரேன் மேலே எடுத்துக்கொண்டு போய்ப் படித்தேன். கீழே படித்தால் கூடத் தங்கியிருக்கிற வெல்டர் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பான்.

பேஷ், பேஷ்! என் மகளா கொக்கா? அப்பன் மேலே ஏறினால் இறங்கும்வரை ஒண்ணுக்கே போக மாட்டான் என்று நான்தான் அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். பிள்ளை அப்படியே பிடித்துக்கொண்டுவிட்டாள். நீ நாள் முழுக்கச் சொன்னாலும் கேட்காதவள், நான் விளையாட்டாகச் சொன்னதைக் கேட்டிருக்கிறாள் பார்.

இங்கே நான் நன்றாக இருக்கிறேன். நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இந்தக் கிரேன் நம் தெருக் கிரேனைவிட ரொம்ப உயரம். கால் வைக்கிற இடத்தில் கண்ணாடி. குனிந்தால் மஞ்சள் ஹெல்மெட்டுகள் மட்டும் தெரியும், எவருடைய முகமும் தெரியாது. கையில் இருக்கிற ரேடியோவுக்குத் தெரிந்தது மூன்றே வார்த்தை: தூக்கு, நிறுத்து, இறக்கு. போன வாரம் கீழே இருக்கிற பையன் என்ன நினைத்தானோ, "சாப்டீங்களாண்ணே?" என்று அதிலேயே கேட்டுவிட்டான். என்னை யாரும் அப்படிக் கேட்டு நாளாகிவிட்டது. கரகரவென்று நான் ஏதோ சொல்ல, சங்கிலி சிக்கிக்கொண்டது என்று நினைத்து எல்லாரும் விலகி ஓடினார்கள்.

ஒன்று கேட்க வேண்டும். நீ போனை வாண்டிடம் கொடுத்தால் நான் "ஹலோ" என்றதுமே அவள் ஓடிவிடுகிறாள். தொம் தொம் என்று காலடிச் சத்தம்தான் கேட்கிறது. என்னை மறந்துவிட்டாளா? உள்ளதைச் சொல், தாங்கிக்கொள்வேன்.

இங்கே அடுத்த கட்டடத்துக்கும் என்னையே இருக்கச் சொல்கிறார்கள். பதில் சொல்லவில்லை. இந்தத் தடவை உன்னைக் கேட்டுவிட்டுத்தான் சொல்வேன். கேட்கவும் பயமாக இருக்கிறது.

வாண்டின் அப்பா

ஜூலை 2

உங்கள் 'என் மகளா கொக்கா' வந்த அன்று கொக்கு காய்ச்சலில் கிடந்தது.

முதலில் சளிக் காய்ச்சல் என்றுதான் நினைத்தேன். ஆனால் சளியும் இல்லை, இருமலும் இல்லை. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வாத்தைக் கண்டாலே கத்தினாள். படுக்கையில் கெட்ட வாடை. குழந்தைகள் டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். சிறுநீர் பிடித்துவரச் சொல்லி ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்தார்கள். அந்தக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, டப்பாவும் கையுமாக நான் தரையில் உட்கார்ந்திருக்க, அவள் தொடையை இறுக்கிக்கொண்டு "வலிக்கும், வேணாம்" என்று கெஞ்சினாள். வெளியே வரிசையில் நின்றவர்கள் கதவைத் தட்டினார்கள். அவசரத்துக்கு அவளைப் பிடித்துக்கொள்ள இன்னொரு ஆள் இல்லையே என்று அன்றைக்கு உங்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். குழாய்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

சிறுநீர்ப் பாதையில் கிருமியாம்.

"பகல்ல எத்தனை தடவை போறா?" என்று டாக்டர் கேட்டார்.

"பகல்ல போகவே மாட்டா டாக்டர், அவ்வளவு சமத்து" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். 

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அது சமத்து இல்லம்மா. அடக்கி வெச்சிருக்கா." குதிகால் மேல் உட்காருவதைப் பற்றிச் சொன்னேன். "குதிகாலை வெச்சு அடைச்சுக்கறா. டயப்பர் விடுற வயசுல நிறைய பொண்ணுங்க இப்படிப் பண்ணும். பொண் பிள்ளைங்களுக்கு அந்தப் பாதையே குட்டை. உள்ளே தேங்கி நின்னா கிருமிக்குக் கொண்டாட்டம்தான். நீங்க தண்ணியையும் குறைச்சிருக்கீங்க." 

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. யோகாசனம் என்று உங்களுக்கு எழுதினேனே! மயிரிழை பிசகினாலும் லென்ஸைத் திருப்பிப் போடுகிறவள் நான்.

காய்ச்சல் விட்டாலும் மருந்தை நடுவில் நிறுத்தக் கூடாது. நிறையத் தண்ணீர் கொடுக்க வேண்டும். அவள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் இரண்டு மூன்று மணிக்கொரு தரம் உட்கார வைக்க வேண்டும். கால் தொங்காமல் தரையில் பதிய வேண்டும், அவசரப்படுத்தக் கூடாது. துடைக்கும்போது முன்னாலிருந்து பின்னால். மலம் இறுகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். திட்டவே கூடாது. கடைசியாகச் சொன்னதுதான் எனக்குக் கஷ்டம்.

காய்ச்சல் இறங்கியிருக்கிறது. அவள் உங்களை மறக்கவில்லை. ஏன் ஓடுகிறாள் என்று எனக்கும் தெரியவில்லை.

ஜூலை 11

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று அந்தப் பச்சைக் குழந்தையை விரட்டியது யார்? இன்னும் கொஞ்ச நாள் டயப்பரோடு விட்டிருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்? தண்ணீரைக் குறைத்தது நானா? என்னைத் திட்டினாயாம். திட்டு.

நான் அங்கே இருந்தவரை இந்தத் தொல்லையே கிடையாது. நினைத்துப் பார். பகலெல்லாம் டயப்பர் இருந்தாலும் சாயங்காலம் அவளுக்கு வாத்துதான். நான் கிரேனிலிருந்து இறங்குவதை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் வாசலுக்கு வந்து, "அப்பா இறங்கியாச்சு! வாங்க, ரெண்டு பேரும் உச்சா போலாம்!" என்று விரலைப் பிடித்து இழுப்பாள். அவள் வாத்தில் உட்காருவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அன்றைக்கு மேலே என்னென்ன தூக்கினேன் என்று சொல்வேன். கம்பி, கல், கதவு. ஒவ்வொன்றுக்கும் "கனமா?" என்று கேட்பாள். கேட்டுக்கொண்டே போய்விடுவாள். நீ அடுப்படியிலிருந்து "அங்கென்ன மாநாடு?" என்று சத்தம் போடுவாய்.

இதை எழுதும்போதே கோபம் போய்விட்டது. இப்போது வலி இருக்கிறதா? மருந்தைத் துப்பாமல் குடிக்கிறாளா? சீக்கிரம் எழுது.

ஜூலை 25

திரும்பவும் காய்ச்சல்.

இந்தத் தடவை வேறு மருந்து. சிறுநீரகத்தையும் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்கிறார் டாக்டர். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார். கிருமி மேலே ஏறிச் சிறுநீரகத்தில் தழும்பு விழுந்துவிடக் கூடாது என்று அவர் மெதுவாகத்தான் சொன்னார். எனக்குப் பயமாக இருக்கிறது. சொல்லிக்கொள்ள இங்கே யாரும் இல்லை. கடையில் சொன்னால் வருத்தப்பட்டுவிட்டு அடுத்த கண்ணாடியை நீட்டுகிறார்கள்.

டாக்டர் சொன்னபடி எல்லாம் செய்தேன். கடையில் கேட்டு மதியம் வீட்டுக்கு வந்து போனேன். காலுக்கு மணை போட்டேன். கதை சொன்னேன், கெஞ்சினேன், அக்கா ஒரு பக்கம் பாடினார். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "இன்னும் இல்ல." ஒருநாள் பொறுக்க முடியாமல் கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. ஆனால் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் உங்கள் கடிதம் நினைவுக்கு வந்தது. அந்தச் சாயங்கால மாநாடு. அவளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன், "யாருக்காகடா வெயிட் பண்றே?"

ஜன்னலைக் காட்டினாள். "அப்பா இன்னும் இறங்கலையே."

தெருக்கோடிக் கிரேனைத்தான் காட்டினாள்.

இனி நான் சொல்வதைத் திட்டாமல் படியுங்கள். நீங்கள் கிளம்பிப் போன அன்று காலையில் எழுந்ததும் "அப்பா எங்கே?" என்று கேட்டாள். போய்விட்டார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்கள் மேல் அவ்வளவு கோபம். சொன்னால் நானும் அவளோடு சேர்ந்து அழுதிருப்பேன். "மேலே வேலையில இருக்கார்" என்று அந்தக் கிரேனைக் காட்டிவிட்டேன். அன்றைக்கு மட்டும் சமாளித்தால் போதும் என்று நினைத்தேன். மறுநாள் அவளே காட்டினாள், நான் தலையாட்டினேன். அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. அங்கே இப்போது வேறு ஆள் இருக்கிறார். நாங்கள் வீட்டுக்கு வருவதற்குள் அவர் இறங்கிப் போய்விடுகிறார், இருட்டியதும் உச்சியில் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கிறது. உங்களுக்கு இன்னும் வேலை முடியவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

போனைக் கொடுத்தால் அவள் ஓடுவது ஜன்னலுக்கு. அங்கே நின்று கிரேனைப் பார்த்துக் கையாட்டுகிறாள். நீங்கள் பார்ப்பீர்கள் என்று.

என் பொய்க்கு நான் படுகிறேன். நீங்களும் ஒன்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். உண்மையிலேயே மேலே நாள் முழுக்க அடக்கிக்கொண்டா உட்கார்ந்திருக்கிறீர்கள்?

ஆகஸ்ட் 2

இல்லை.

பாட்டில் வைத்திருக்கிறேன். நாங்கள் எல்லாருமே அப்படித்தான். ஏறி இறங்கவே அரை ஷிப்ட் போய்விடும். அகன்ற வாய், இறுக்கமான மூடி. இறங்கும்போது பைக்குள் போட்டு எடுத்து வந்துவிடுவேன். வீட்டுக்குள் அதைக் கொண்டுவந்ததில்லை, அதனால் உனக்கும் தெரியாது. ஒருநாள் வாண்டு, "மேல உச்சா வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். பாட்டில் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அவள் கண்ணுக்கு நான் அவ்வளவு பெரிய ஆளாக இருந்தேன். "அப்பாவுக்கு வரவே வராது. இறங்கினதும் நாம ரெண்டு பேரும் போலாம்" என்று சொல்லிவிட்டேன். வாயைத் திறந்தது ஒரு நிமிடம், வலி அவளுக்கு.

உன்னைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நீ சொன்னதும் பொய், நான் சொன்னதும் பொய். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து நம்பியது அந்தக் குழந்தைதான். கையாட்டுகிறாள் என்று எழுதியிருந்தாயே, அதை மேலே உட்கார்ந்துதான் படித்தேன். அழுதுவிட்டேன். நல்லவேளை, ரேடியோ அணைந்திருந்தது.

நம் தெருக் கிரேனில் இப்போது இருப்பது எனக்குத் தெரிந்த ஆள்தான். மொட்டை என்று கூப்பிடுவோம். வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். அவனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நாளைக்கே என்று இல்லை, ஸ்கேன் முடிந்த பிறகு ஒரு சாயங்காலம் வாண்டை அந்தக் கட்டடத்து வாசல் கேட்டுக்குத் தூக்கிக்கொண்டு போ. அவன் இறங்குவதை அவள் பார்க்கட்டும். அங்கே நான் இல்லை என்று தெரிந்துகொள்ளட்டும்.

அதை நான்தான் சொல்ல வேண்டும். இங்கிருந்து எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 14

பயப்படாமல் படியுங்கள். சிறுநீரகம் இரண்டும் நன்றாக இருக்கின்றன. தழும்பு எதுவும் இல்லை. டாக்டர் அதைச் சொன்னதும் நான் அவர் மேஜையிலேயே தலையைக் கவிழ்த்துவிட்டேன். வாண்டு என் முதுகில் தட்டிக்கொடுத்தாள்.

மறுநாள் கடையில் சொல்லிவிட்டுச் சீக்கிரமே வந்து, சாயங்காலம் அந்த வாசல் கேட்டுக்குப் போனோம். அவளுக்கு நல்ல சட்டைதான் போட வேண்டுமாம், அப்பாவைப் பார்க்கப் போகிறாளாம். போகும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன், "அங்க அப்பா இல்லடா, வேற மாமாதான் இருக்கார்." அவள் காதில் வாங்கவே இல்லை. ஷிப்ட் முடிந்த மணி அடித்தது. ஏணியில் ஒரு புள்ளி இறங்கி இறங்கி ஆளானது. ஹெல்மெட்டைக் கழற்றியதும் பளபளவென்று மொட்டை. வாண்டு அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் ஏணியைப் பார்த்தாள், அடுத்த ஆள் வரட்டும் என்று.

அவர் அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "பாப்பா, மேல ஒரே ஒரு நாற்காலிதான். அதுல நான்தான் உட்கார்ந்திருந்தேன். உங்கப்பா வேற ஊர்ல, இதைவிடப் பெரிய கிரேன்ல இருக்காரு."

"அவரு எப்ப இறங்குவாரு?"

"தினமும் இறங்குவாரு. ஆனா அவரு ரூமு அங்கதான இருக்கு? அதனால இங்க வர முடியல."

அவள் இன்னொரு தடவை ஏணியைப் பார்த்தாள். பிறகு, "நீங்க மேல உச்சா போவீங்களா?" என்றாள்.

"போகாம? வயிறு வெடிச்சிடாது?" பையிலிருந்து காலிப் பாட்டிலை எடுத்துக் காட்டினார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். "உங்கப்பாகிட்டயும் இருக்கு. பச்சை மூடி போட்டது."

"அப்பாவுமா?"

"அவருதான் எனக்கே சொல்லிக்கொடுத்தாரு. வந்தா உடனே போயிடணும், எவனுக்காகவும் நிக்கக் கூடாதுன்னு."

அது உங்கள் வார்த்தையா அவர் கயிறு திரித்ததா, தெரியாது. யாராக இருந்தாலும் நன்றி. அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, எனக்கு வருது." மணல் மேட்டுக்குப் பின்னால் உட்கார வைத்தேன். போனாள், போனாள், போய்க்கொண்டே இருந்தாள். மொட்டை அந்தப் பக்கம் திரும்பி நின்று கைதட்டினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

திரும்பி வரும்போது என் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். நம் வாசலில், நீங்கள் செருப்பு விடுகிற இடத்தைப் பார்த்ததும்தான் அழ ஆரம்பித்தாள். "அப்பா அங்க இல்ல, அப்பா அங்க இல்ல" என்று ஒரே பாட்டு. தூக்கி வைத்துக்கொண்டு நடந்தேன். சமாதானம் செய்ய என்னிடம் ஒரு பொய்யும் மிச்சமில்லை. அழுது ஓய்ந்தாள்.

இப்போது போகலாமா என்று கேட்டதும் போகிறாள். வலி இல்லை. பள்ளியிலும் சேர்த்துக்கொண்டார்கள். டாக்டருக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் வாண்டு ஜன்னல் பக்கமே வருவதில்லை. நேற்று சிவப்பு விளக்கு எரிந்ததும் அங்கே போய் நின்றது நான்தான். நீங்கள் அங்கே இல்லை என்று தெரிந்தவள் நான். அவளுக்காகச் சொன்ன பொய்யை இத்தனை நாளும் நானும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

கேட்கப் போவதில்லை என்று முதலில் எழுதியிருந்தேன். கேட்கிறேன். எப்போது வருவீர்கள்?

ஆகஸ்ட் 24

அடுத்த கட்டடத்துக்கு முடியாது என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன், இந்த ஒரு தடவை மன்னித்துவிடு. ஆனால் இந்தக் கட்டடத்தின் கடைசி மாடி முடியும்வரை விட மாட்டார்கள். அதற்குள் மழை வந்து வேலை நின்று நின்று நடக்கும். நாளைக்கு இல்லை, அடுத்த மாதமும் இல்லை. உள்ளதை உள்ளபடி வாண்டிடம் சொல்லிவிடு.

ஞாயிற்றுக்கிழமை நீ அவளிடம் போனைக் கொடுத்துவிட்டுத் துணி எடுக்க மாடிக்குப் போனாயே, அப்போது நடந்தது உனக்குத் தெரியாது. நான் "ஹலோ" என்றேன். அவள் ஓடவில்லை. மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகு கேட்டாள், "அப்பா, நீங்க உச்சா போயிட்டீங்களா?"

"போயிட்டேன்டா கண்ணு" என்றேன்.

"நானும் போயிட்டேன். உங்களுக்காக வெயிட் பண்ணல."

நல்லது, அப்படித்தான் செய்ய வேண்டும் என்றேன். குரல் சரியாக வந்தது என்றுதான் நினைக்கிறேன். அவள் போனை வைத்த பிறகும் அந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். சிக்னலுக்கு நிற்கிறேன் என்று நினைத்து வெல்டர் எனக்குப் பின்னால் வரிசையில் நின்றான். இதைத்தானே டாக்டர் கேட்டார், நீ கேட்டாய், நானும் கேட்டேன்? கிடைத்துவிட்டது. நெஞ்சு ஏன் இப்படி வலிக்கிறது என்றுதான் தெரியவில்லை.

அவள் எனக்காகக் காத்திருக்க வேண்டாம். நீ கொஞ்சம் காத்திரு.

வாண்டின் அப்பா